பட்டுப்புடவைகளுக்கு மேலே ஒரு மீன்தொட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டின் தரை மரப்பலகையால் ஆனது. பலகைக்குக் கீழே ஜவுளிக்கடை. எங்கள் கூடத்துக்கு நேர் கீழே பட்டுப்புடவை அலமாரி இருந்தது. பலகைகளுக்கு நடுவே சில இடங்களில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. கடையின் குழல்விளக்கு வெளிச்சம் அந்த இடைவெளிகள் வழியாக மெல்லிய கோடுகளாக எங்கள் கூடத்துக்குள் ஏறிவரும். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் கூடவே வரும். மேலே நாங்கள் பேசுவது கீழே கேட்கும். கீழே பேரம் பேசுவது மேலே கேட்கும். கல்யாணமான புதிதில் இதை நினைத்து என் மனைவி வெகுவாகக் கூச்சப்பட்டாள். பிறகு பழகிவிட்டது. கீழே எந்தப் புடவை விலை படியவில்லை என்று சமைத்துக்கொண்டே சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

அவள் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவர்களுடைய குவார்ட்டர்ஸ் நடையில் வரிசையாக மீன்தொட்டிகள் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காற்றுக்குழாய்களின் கொப்பளிப்பு கேட்கும். பெரிய தொட்டியில் இரண்டு ஆஸ்கார் மீன்கள் இருந்தன. கறுப்பு உடம்பில் தணல் சிதறியது போல ஆரஞ்சுத் திட்டுகள். என் மனைவி பள்ளியில் படிக்கும்போது கட்டைவிரல் நகம் அளவில் வாங்கிவந்தவை, நான் மாப்பிள்ளையாகப் போனபோது விரித்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தன. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் இரண்டும் மேலே வந்து நிற்கும். உரித்த இறாலை அவள் விரலிலிருந்து வாங்கித் தின்னும். நான் கையை நீட்டினால் திரும்பிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கிள்ளானுக்குப் போவோம். அவள் அம்மாவைப் பார்க்கச் சமையலறைக்குப் போகும் முன் தொட்டியருகே போய் நிற்பாள். அதற்காக வாங்கும் வசையும் ஒவ்வொரு வாரமும் ஒன்றுதான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் மாமனார் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பூச்சோங்கில் மூத்த மகன் வீட்டோடு போவதென்று முடிவாயிற்று. அங்கே பெரிய தொட்டிக்கு இடமில்லை. சின்ன மீன்களை அக்கம்பக்கத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்கார்களைக் கிள்ளானில் ஒரு மீன்கடைக்காரர் கேட்டிருந்தார். மாமனார் அதை எங்களிடம் சொன்னபோது என் மனைவி எழுந்து தொட்டியருகே போனாள். திரும்பும் வழியில், பஸ் ஷா ஆலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யாரு வாங்குவாங்களோ. அதுங்களுக்கு என் கைய மட்டும்தாங்க தெரியும்."

தொட்டியை நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன உடனேயே கீழே இருக்கும் பட்டு அலமாரி நினைவுக்கு வந்தது.

ஜவுளிக்கடை முதலாளியே வீட்டுக்காரரும். வயதில் எங்களைவிட நன்றாக மூத்தவர். நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பத்துமலை முருகன் கோயிலுக்கு மாதம் தவறாமல் போய்வருபவர். கல்லாப்பெட்டி, அளவுகோல், புதுத் தையல் இயந்திரம், எதுவாக இருந்தாலும் மூன்று விரலால் திருநீறு பூசாமல் கடைக்குள் பயன்பாட்டுக்கு விடமாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வச்சுக்குங்க தம்பி. ஆனா ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என் பட்டு மேல விழுந்துச்சு, தொட்டி கீழ இறங்கிடணும். அப்புறம் அண்ணன் கோவிச்சுக்கிட்டாருன்னு சொல்லக்கூடாது லா."

நான் பதில் சொல்லும் முன்பே என் மனைவி, "சரிண்ணே," என்றாள்.

நான் அப்போது பங்சாரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரைபவனாக இருந்தேன். குழாயும் தொட்டியும் தாளில் எனக்குப் பழக்கமானவை. ஆஸ்கார் தின்பதும் அதிகம், அழுக்காக்குவதும் அதிகம். சாதாரண வடிகட்டி போதாது. தொட்டி நீர் இடைவிடாமல் வெளியே வந்து, தொட்டியைத் தாங்கும் மர அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு சிறு தொட்டியில் பஞ்சிலும் கல்லிலும் வடிந்து, பம்ப் வழியாக மேலே திரும்பவேண்டும். அதற்குத் தொட்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியைத் தொங்கவிடுவார்கள். ஓவர்ஃப்ளோ பெட்டி என்று பெயர். ஒரு வளைகுழாய் தொட்டியிலிருந்து நீரை எடுத்து இந்தப் பெட்டியில் விடும். பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக அது குழாயில் இறங்கும். எல்லாத் தண்ணீரும் கடந்துபோகும் இடம் அதுதான். ஒழுகினால் அங்கேதான் ஒழுகும்.

பெட்டிக்கு வேண்டிய கண்ணாடிகளைக் கடையில் வெட்டிவாங்கி நானே ஒட்டினேன். அடிக்கண்ணாடியில் இரண்டு ஓட்டைகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் பொருத்துவதற்கு, வீட்டுக் கூரையின் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் டேங்க் கனெக்டர்தான் வாங்கினேன். அது தலையில் அகன்ற விளிம்பும் உடலில் மரையும் உள்ள பிளாஸ்டிக் குழாய்த்துண்டு. விளிம்புக்கடியில் ரப்பர் வளையத்தைப் போட்டு உள்ளிருந்து ஓட்டையில் நுழைத்து, வெளியே நட்டை முறுக்கவேண்டும். கண்ணாடி சமமாக இருந்தால் ரப்பரே போதும். ஆனால் ஓட்டை போட்டவர் அவசரக்காரர். ஓரத்தில் சில்லுகள் பெயர்ந்திருந்தன. அதனால் விளிம்பைச் சுற்றி சிலிக்கான் பசையும் வைத்துவிட முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை அந்த வேலைக்கு உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, பெட்டியை வைத்து, ஓட்டைகளைச் சுற்றிக் கண்ணாடியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். எண்ணெய்ப் பசையோ தூசியோ இருந்தால் சிலிக்கான் பிடிக்காது. கண்ணாடி மேல் விரல் படக்கூடாது, பட்டால் மறுபடி ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். பிறகுதான் சிலிக்கான் குழலை எடுத்தேன். முன்பு பெட்டி ஒட்டிய மீதி அது. மூக்கிலிருந்து பாதிவரை கட்டியாகியிருந்தது. புதிது வாங்கப் பக்கத்துச் சாலையில் இருந்த சீனர் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். மீன்தொட்டிக்கு என்றதும், பூஞ்சை மருந்து கலக்காத ரகமாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தார்.

திரும்பிவந்தபோது, அண்ணன் மேலே வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார் என்று மனைவி சொன்னாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். நல்லபடியாக நடக்கட்டும் என்றாராம். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. விளிம்படியில் சிலிக்கானை இடைவிடாத வளையமாக வைத்து, ஓட்டையில் நுழைத்து, நட்டைக் கையால் முறுக்கி, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் இறுக்கினேன். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிலிக்கான் பிதுங்கியது. சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் அதை வழித்துவிட்டேன். குழாய் மரைகளில் வெள்ளை டேப் சுற்றினேன். எல்போ என்னும் வளைவு இணைப்புகளுக்குப் பசை. வீடெங்கும் சிலிக்கானின் வினிகர் வாசனை. அந்த வாசனை முழுக்கப் போகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பிறகு பெட்டியை நிரப்பிச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். தாள் காய்ந்தபடியே இருந்தது.

ஆஸ்கார்கள் கிள்ளானிலிருந்து லோரியில் வந்தன. நண்பர் ஒருவர் ஓட்டினார். மூடிபோட்ட இரண்டு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில், அதாவது தோங்கில், மீனுக்கு ஒன்றாக வைத்து, தொட்டியைப் பழைய மெத்தையில் சுற்றியிருந்தோம். மாமனார் முன்னால் உட்கார மறுத்துவிட்டார். இரண்டு தோங்கின் மூடியிலும் ஒவ்வொரு கையை வைத்தபடி பின்னால்தான் உட்கார்ந்து வந்தார். தொட்டியைச் சுவரோரமாக, அடியில் உத்தரம் ஓடும் இடம் பார்த்து நிறுத்தினேன். குழாய்களுக்குக் கீழே ஒரு தகரத் தட்டும் வைத்தேன்.

பம்ப் ஓடத் தொடங்கியதும் வீட்டின் சத்தமே மாறிவிட்டது. நடைபாதையோரத்தில் ஓடும் சிறு வாய்க்காலைப் போல ஒரு சலசலப்பு. என் மனைவி அன்று கூடத்திலேயே காய் நறுக்கினாள். மறுநாள் காலையில் கண் விழித்தவள், கிள்ளானில் இருப்பதாக ஒரு கணம் நினைத்துவிட்டதாகச் சொன்னாள்.

கடையில் கூட்டம் குறையும் பிற்பகல்களில் அண்ணன் மேலே வந்து நின்று பார்ப்பார். பயத்தில் வந்தவர், பிறகு மீனுக்காகவே வந்தார். "இது என்னமா, வாடிக்கைக்காரவுங்கள மாதிரியே முறைக்குது," என்பார். ஒருநாள் இறாலை அவரும் நீட்டிப் பார்த்தார். பெரியது அருகே வந்தது, விரலைப் பார்த்தது, திரும்பிக்கொண்டது. என் மனைவிக்கு அதில் ஏற்பட்ட பெருமையை அவளால் மறைக்க முடியவில்லை.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அது நடந்தது. ஒரு சனிக்கிழமை காலை; நான் வீட்டில்தான் இருந்தேன். கீழே கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் கூறைப்புடவை எடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. பெண்ணுக்கு ஒன்று பிடித்துவிட்டது. அம்மா முந்தானையை விரிக்கச் சொன்னார். திடீரென்று கீழே பேச்சு நின்றது. அந்த அமைதியிலேயே என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அண்ணன் மேலே வந்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தணிந்துதான் இருந்தது.

"பொண்ணோட அம்மா எழுந்து போயிட்டாங்க தம்பி. கூறை லா. அது மேல கூரையிலேர்ந்து தண்ணி சொட்டுனா யாரு எடுப்பா?"

தகரத் தட்டை இழுத்துப் பார்த்தேன். அது காய்ந்திருந்தது. தட்டுக்கும் சுவருக்கும் இடையில் விரல் அகலம் இடம் இருந்தது. அங்கேதான் பலகை கறுத்து நனைந்திருந்தது.

இறக்கிவிடுகிறோம் என்று என் மனைவி அவரிடம் சொன்னாள். காரணம் சொல்லவில்லை, அவகாசம் கேட்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டது அவரைத்தான் சங்கடப்படுத்தியது. இன்றைக்கே வேண்டாம், நாளை ஞாயிறு, கடை மூடியிருக்கும்போது இறக்கினால் போதும் என்று முனகிவிட்டுப் படியிறங்கினார். அவர் போனதும் அவள் பூச்சோங்குக்கு போன் செய்து, அந்த மீன்கடைக்காரரைக் கேட்டுப் பார்க்கும்படி அப்பாவிடம் சொன்னாள். பிறகு பாசார் சந்தையில் வாங்கிவைத்திருந்த இறால் முழுவதையும் உரித்து எடுத்துக்கொண்டு தொட்டியருகே போய் நின்றாள்.

நான் பம்பை நிறுத்தாமல், செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எதுக்குங்க? அதான் போகப்போகுதுல்ல."

"போனாலும் எதனால போச்சுன்னு தெரியணும்ல."

அவள் கடைசி இறாலையும் கொடுத்து முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள். முதலில் நனைந்தது அடியிலிருந்த எல்போவின் தாள். பசை சரியில்லை என்று நான் முடிவுகட்டினேன். அவள் அதை நம்பவில்லை. குழாயின் பின்பக்கம், என் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், விரலை வைத்து மேலே மேலே தடவிக்கொண்டு போனாள். வழிநெடுக ஈரம். எல்போவில் தண்ணீர் சொட்டியதே தவிர, அங்கே பிறக்கவில்லை. விரல் போய் நின்ற இடம் பெட்டியின் அடி, டேங்க் கனெக்டரின் நட்.

மீன்களைப் பழைய தோங்குகளுக்கு மாற்றி, காற்றுக்குழாயை அவற்றில் விட்டோம். பெட்டியைக் கழற்றி, ஜன்னலோரம் வைத்து, நட்டைத் தளர்த்தினேன். இவ்வளவு நாள் ஊறிய சிலிக்கானைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஆனால் கனெக்டரை இழுத்ததும் அது முழு வளையமாக, ஆறிய பாலின் ஆடை போல, கண்ணாடியை விட்டு வந்துவிட்டது. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதில் வெள்ளையாக மூன்று மெல்லிய கோடுகள். வளையத்தின் இந்தப் பக்கத்தில் தொடங்கி, ஓட்டைக்காக விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் தொடர்ந்தன. இரண்டாவது கனெக்டரைக் கழற்றினேன். அதிலும் மூன்று கோடுகள்.

என் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள், பிறகு அன்று நடந்ததைச் சொன்னாள்.

நான் சிலிக்கான் வாங்கப் போயிருந்தபோது அண்ணன் மேலே வந்து, இதில் எந்த இடத்தில் ஒழுகும் என்று கேட்டிருக்கிறார். அவள் இரண்டு ஓட்டைகளையும் காட்டியிருக்கிறாள். பத்துமலை விபூதிப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்து, தண்ணீரில் குழைத்து, பெட்டிக்குள் கையை விட்டு, அவள் காட்டிய இடத்தில் ஓட்டைக்கு ஒன்றாகப் பட்டை போட்டிருக்கிறார். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் போனபிறகு, நான் சொன்னது நினைவிருந்ததால், அவள் ஈரத்துணியால் மேலோட்டமாகத் துடைத்திருக்கிறாள்.

"ஈரத்துணியா? ஸ்பிரிட் பக்கத்துலதானே இருந்துச்சு?"

"சாமி விபூதிய எப்படிங்க சாராய வாடை அடிக்கிறத வச்சுத் துடைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை இருவராலும் நிறுத்த முடியவில்லை. பிறகு அவள்தான் முதலில் அடங்கி, இதை அண்ணனிடம் சொல்லவே கூடாது, மனது கஷ்டப்படுவார், தொட்டி போனால் போகட்டும் என்று கிசுகிசுத்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன, என் விபூதியப் பத்திப் பேச்சு?"

எங்கள் தரைக்குக் கீழே நின்றுகொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நான் வளையத்தை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் மூன்று விரல்களை அந்தக் கோடுகள் மேல் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தின.

"என் விரலுதான்," என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக்கூடாதுதான்மா. நானா இருந்தாலும் துடைச்சிருக்க மாட்டேன்," என்றார்.

அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"விபூதி மேல தப்பில்லண்ணே," என்றாள் அவள். "சிலிக்கானுக்குத்தான் அதுல ஒட்டத் தெரியல."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தோங்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய ஆஸ்கார் நெருக்கடியில் திரும்ப இடமில்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒட்டினால் நிற்குமா என்று என்னிடம் கேட்டார். கண்ணாடி சுத்தமாக இருந்தால் நிற்கும், ஆனால் நான் சத்தியம் செய்யமாட்டேன் என்றேன். அப்படித்தான் சொல்ல முடிந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், ஒரு சத்தியம் செய்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று இருந்தது. அவர் தலையை ஆட்டினார். எழுந்து கீழே போய்விட்டார்.

அவள் மறுபடியும் தொலைபேசிப் பக்கம் போனாள். அப்பா மீன்கடைக்காரரோடு பேசி முடித்துவிட்டாரா என்று கேட்க நினைத்திருக்கவேண்டும். அப்போது கீழே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. கனமான ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் உராய்ந்தது. நிற்கும், மறுபடி உராயும். பலகை இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தவள், "வாங்க, சீக்கிரம் போய்ப் பிடிங்க," என்றாள்.

நான் போனபோது அண்ணனும் கடையில் வேலை செய்யும் அக்காவும் பட்டு அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். அது போய் நின்றதும், காலியான இடத்துக்கு இன்னொரு அலமாரியைக் கொண்டுவந்தோம். அதில் கைலிகளும் குளியல் துண்டுகளும் அடுக்கியிருந்தன. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"இனிமே சொட்டுனா சொட்டட்டும். துண்டு நனையறதுக்குத்தானே இருக்கு."

பிறகு குரலைத் தணித்து, இந்தமுறை ஒட்டி முடித்த பிறகு பூசலாமா என்று கேட்டார். காய்ந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் பூசலாம் என்றேன். திங்கட்கிழமை வந்து மர அலமாரியின் கதவில் பெரிதாகப் பூசினார். பெட்டியைத் தொடவில்லை.

கண்ணாடியைக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் திரும்பத் திரும்பத் துடைத்து, இரண்டு கனெக்டரையும் மறுபடி பொருத்தினேன். அந்த வேலை முழுவதற்கும் என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யாரையும் மேசையருகே விடவில்லை. சிலிக்கான் காயும்வரை ஆஸ்கார்கள் தோங்கிலேயே இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தோம். சின்னது சாப்பிட மறுத்து எங்களைக் கலங்கவைத்தது. தொட்டிக்குத் திரும்பிய அன்று மாலை அவள் விரலைக் கடிக்கும் வேகத்தில் வந்து இறாலைப் பிடுங்கியது.

அந்த வீட்டில் நாங்கள் இன்னும் பல வருடங்கள் இருந்தோம். அந்தப் பெட்டி பிறகு ஒழுகவில்லை. கைலி வாங்க வந்தவர்கள் பட்டு எங்கே போயிற்று என்று கேட்டால், அந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு என்று அண்ணன் சொல்வது எங்களுக்குக் கேட்கும். தினமும் காலையில் கடை திறந்ததும் அவர் முதலில் செய்யும் வேலை ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, எங்கள் பலகையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. முக்காலி இழுபடும் சத்தம் கேட்டால் என் மனைவி மீனுக்கு இறால் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். முக்காலி திரும்பவும் சுவரோரம் போகும். "காஞ்சுதாம்மா இருக்கு," என்று கீழிருந்து குரல் வரும். அதற்குப் பிறகுதான் அவள் தொட்டியின் மூடியைத் திறப்பாள்.